நாற்பத்தோராம் பக்கத்துக் கிணறு

மனித குலத்தின் பெருமைகள் அனைத்தும் தண்ணீரின் முதுகில் ஏறியே கரை சேர்ந்தன. நான் எழுதிய ‘யாழ்ப்பாண நீர்வழிக் கையேடு’ என்னும் நூலின் முதலாவது வசனம் இது. இதை எழுதிய அன்று எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டர் எரிந்து போயிருந்தது. பக்கத்து வீட்டில் இரண்டு வாளி கேட்டு வாங்கித்தான் குளித்தேன்.

தம்பி கோபிசங்கர், நீங்கள் உப பொலிஸ் பரிசோதகர். உங்களுக்கு வேலை அதிகம். அரைப் பக்கம் எழுதித் தந்தால் போதும் என்று மரியாதையாகத்தான் சொன்னீர்கள். புதன்கிழமை காலை ஏழு பத்துக்கு எனது கைத்தொலைபேசிக்கு வந்த அழைப்பில், இரண்டு நிமிடம் நாற்பது செக்கனுக்குள், என்ன கதைக்கப்பட்டது என்பதுதான் உங்கள் கேள்வி. அதை அரைப் பக்கத்தில் எழுதினால் நான் ஒரு கெட்ட மனிதன் போலத் தெரிவேன். ஆகவே தாள் நான் கொண்டு வந்திருக்கிறேன்.

என் பெயர் இராசநாயகம். உடுவில். வயது அறுபத்தெட்டு. அரச திணைக்களம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் படவரைஞராக இருந்தேன். என் கையால் வரைந்த கோடு ஒன்று கோணல் என்று எவரும் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகு நூல் எழுதினேன். எங்களூரில் ஓய்வு பெற்றவர்களுக்குச் சீனி வியாதி வரும், அல்லது நூல் வரும். எனக்கு இரண்டும் வந்தன.

நூல் இதுதான். குருநகர் இறங்குதுறையில் தொடங்கி, தீவுகளைச் சுற்றி, நெடுந்தீவுக்கும் பூநகரிக் கரைக்கும் நடுவேயுள்ள ஆளில்லாத திட்டுகளைத் தொட்டு, மீண்டும் குருநகருக்கு வருவது. சிறிய இயந்திரப் படகில் நான்கு நாள். எந்த நேரம் வெளிக்கிடுவது, எங்கே தங்குவது, எத்தனை லீற்றர் பெற்றோல், எத்தனை லீற்றர் தண்ணீர், எந்த இடத்தில் ஆழம் போதாது, எல்லாம் அதில் உண்டு. பதினேழு அட்டவணை. ஒன்பது வரைபடம். வரைபடங்கள் அத்தனையும் நானே கையால் வரைந்தவை.

இதற்காகக் கடலுக்குப் போனீர்களா என்று கேட்பீர்கள். போகவில்லை. நூல்களைப் பார்த்தேன், பழைய வரைபடங்களைப் பார்த்தேன். குருநகர் ஆட்களிடம் கேட்டிருக்கலாம். சின்ன வயதிலிருந்து அந்தக் கடலில் நிற்பவர்கள், தெரிந்திருக்கும். ஆனால் நூலின் கடைசியில் ‘தகவல் தந்தோர்’ என்று ஒரு பட்டியல் போட வேண்டும். அதில் கடற்றொழிலுக்குப் போகிறவர்களின் பெயர் வந்தால், உடுவிலில் அந்த நூலை ஆராய்ச்சி என்று யார் சொல்வார்கள்? நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊர் நிலவரத்தைச் சொல்கிறேன்.

ஜெயரூபன் என் அக்காவின் மகன். ஐம்பத்திரண்டு வயது, ரொறொன்ரோவில் இருந்து வந்திருந்தான். பதினெட்டு அடி கண்ணாடியிழைப் படகு ஒன்றை, இருபத்தைந்து குதிரைவலு எஞ்சினோடு, பழையதாக வாங்கினான். “மாமா, உங்கடை புத்தகத்தின்ரைபடியே ஒருக்கால் போய் வாறன். நானே முதல் ஆள்” என்றான். அவனுக்கு என்மேல் சின்ன வயதிலிருந்தே மரியாதை. கனடாவில் நாற்பது வருடம் இருந்தும் அது கெடவில்லை. அதுதான் அவனுக்குப் பிழையாய்ப் போனது என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். மரியாதை ஒருவனுக்குப் பிழையாய்ப் போகும் என்று நான் நம்பவில்லை.

படகு ஓட்ட லெனாட் என்கிற குருநகர் ஆளைப் பிடித்தான். ஓட்டுகிறவன் என்ற அளவில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

விழாத் திகதியை நான்தான் தீர்மானித்தேன். பெரிய வெள்ளி அரச விடுமுறை. மண்டபம் சும்மா கிடக்கும், ஆட்களும் வருவார்கள். ஆகவே வெளியீட்டு விழா பெரிய வெள்ளி பின்னேரம் நான்கு மணிக்கு. பயணிகள் திங்கட்கிழமை காலை வெளிக்கிட்டு வியாழன் மதியம் திரும்பி, வெள்ளிக்கிழமை மேடையில் வந்து நின்று, ‘நூலில் உள்ளபடியே போனோம், நூலில் உள்ளபடியே வந்தோம்’ என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். முதற்பிரதி அவர்களுக்கு.

லெனாட் முதலில் மறுத்தான். “ஐயா, அது எங்களுக்குப் பெரிய கிழமை. வியாழக்கிழமையிலையிருந்து ஞாயிறு மட்டும் எங்கடை ஆக்கள் ஒருத்தரும் தொழிலுக்குப் போகாங்கள். கடலிலை ஒரு குருவியும் நிக்காது. ஏதும் நடந்தால் ஆரைக் கூப்பிடுறது?”

“வலைக்காரர் இல்லையெண்டால் இன்னும் நல்லது. வலை எஞ்சினிலை சிக்காது” என்றேன்.

வியாழன் மதியம் கட்டாயம் கரையில் விட வேண்டும் என்ற நிபந்தனையில் ஒத்துக்கொண்டான். அன்று பின்னேரப் பூசையில் பங்குத்தந்தை பன்னிரண்டு ஆண்களின் கால்களைக் கழுவுவாராம். இந்த முறை அந்தப் பன்னிரண்டு பேரில் அவனும் ஒருவனாம். அவனுடைய முகத்தில் ஒரு சந்தோசம் இருந்தது. இதையும் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு அவன்மேல் தனிப்பட்ட வெறுப்பு இருந்தது என்று நீங்கள் நினைக்கக்கூடாது.

திங்கட்கிழமை காலை குருநகர் இறங்குதுறையில் படம் எடுத்தோம். லெனாட் இரண்டு நீலக் கான் தண்ணீர் கொண்டு வந்து படகில் வைத்தான். ஒன்று இருபது லீற்றர்.

“இது என்னத்துக்கு?” என்றேன். “அட்டவணை ஐந்திலை தண்ணி இருபது லீற்றர். அது ஏத்தியாச்சு. ரெண்டாம் நாள் பின்னேரம் கொக்குத்திட்டிலை நிரப்பலாம். நாற்பத்தோராம் பக்கம். நன்னீர்க் கிணறு.”

“ஐயா, கொக்குத்திட்டிலை கிணறு இல்லை.”

“படத்திலை இருக்கு.”

“படத்திலை அள்ளிக் குடிக்கேலாதே ஐயா.”

ஜெயரூபன் சிரித்தான். பக்கத்தில் வலையைச் சிக்கெடுத்துக் கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. கோபம் எனக்கு வருவதில்லை, டொக்டரும் ஆகாது என்றிருக்கிறார். நாற்பது கிலோ கூடினால் அட்டவணை நான்கிலுள்ள பெற்றோல் கணக்குப் பிழைக்கும் என்று ஜெயரூபனுக்கு விளங்கப்படுத்தினேன். செய்மதிப் படத்தில் கிணறு தெரியவில்லையே மாமா என்றான். பற்றை மறைக்கிறது என்றேன். “மாமா பாக்காமல் எழுதியிருக்க மாட்டார், லெனாட். இறக்குங்கோ” என்றான். கான் இரண்டும் இறங்கின. லெனாட் தனக்கென்று ஐந்து லீற்றர்ப் போத்தல் ஒன்றைக் காலடியில் ஒளித்து வைத்ததைக் கண்டேன். காணாதது போல் விட்டுவிட்டேன். நான் அவ்வளவு கடுமையான ஆள் இல்லை.

நூலின் பயணத் திட்டத்தில் ஏழாவது விதி ஒன்று உண்டு: அவசரமென்றால் கரைப் பொறுப்பாளருக்கு மட்டும் அழைக்க வேண்டும், மற்றவர்களுக்கு எடுத்துப் பற்றரியை வீணாக்கக்கூடாது. கரைப் பொறுப்பாளர் நான்.

இனி அந்த அழைப்பு.

முதலில் ஜெயரூபன் கதைத்தான். செவ்வாய் பின்னேரம் மூன்று மணியளவில் கொக்குத்திட்டுக்குக் கிட்டப் போகும்போது எஞ்சினின் விசிறி கல்லில் அடிபட்டு உடைந்துவிட்டது. படகு சரிந்ததில் லெனாட்டின் போன் கடலுக்குள் போய்விட்டது. “கிணறு இல்லை மாமா. நீங்கள் வட்டம் போட்ட இடத்திலை கையாலை கிண்டிப் பாத்தம். உப்புத்தண்ணிதான் வருது. கிணத்திலை நிரப்பலாமெண்டு இருந்த தண்ணியைச் சமைக்க, குளிக்க எல்லாம் பாவிச்சிட்டம். குடிக்க லெனாட்டின்ரை போத்தலும் முடிஞ்சுது. இந்த முனையிலை நிண்டால்தான் சிக்னல் வருது. பற்றரி நாலு வீதம்.” குரல் கரகரத்தது. அவனுக்கும் சீனி வியாதி, எங்கள் குடும்பத்தில் அது உண்டு.

பிறகு லெனாட் போனை வாங்கினான். “ஐயா, இப்ப வத்துத் தண்ணி. இடுப்பளவிலை நடந்து அங்காலைத் திட்டுக்குப் போகலாம். அதிலை இண்டைக்குப் பின்னேரம் மட்டும் நண்டு வலைக்காரர் நிப்பாங்கள். நாளைக்குப் பெரிய வியாழன், ஒருத்தரும் இராங்கள். நான் இப்ப நடக்கட்டோ?”

“நடக்காதை” என்றேன். “இப்பவே நேவிக்குச் சொல்லுறன். அரை மணித்தியாலத்திலை வெளிக்கிடுவாங்கள். வந்து ஆளைக் காணாட்டில் எனக்குத்தான் கரைச்சல். இருந்த இடத்திலையே இரு. ரூபனையும் விடாதை.”

“நிச்சயமோ ஐயா? இண்டைக்கு விட்டால் பிறகு ஒண்டும் இல்லை.”

“நான் சொன்னால் சொன்னதுதான்.”

“ஓம் ஐயா” என்றான். அத்துடன் நின்றுவிட்டது. இரண்டு நிமிடம் நாற்பது செக்கன். உங்கள் தகவல் சரி.

நேவிக்குச் சொன்னேனா என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். சொல்ல வேண்டுமென்றுதான் போனை எடுத்தேன். எடுத்தபோது மேசையில் நூல் கட்டுகள் இருந்தன. முந்நூறு பிரதி. மேலே இருந்ததைத் திறந்தேன். நாற்பத்தோராம் பக்கம் வந்தது. நேவி போய் இருவரையும் கூட்டி வந்தால் புதன் பின்னேரமே குருநகர் முழுக்கக் கதை பரவும். வியாழன் பத்திரிகையில் வரும். வெள்ளிக்கிழமை, பிரதம விருந்தினர் மங்கல விளக்கு ஏற்றும்போது, மண்டபத்தில் உள்ள ஒவ்வொருவரும் நாற்பத்தோராம் பக்கத்தைப் புரட்டிக் கொண்டிருப்பார்கள். தம்பி, எங்களூரில் ஒரு மனிதனுக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் பொன்னாடை போர்த்துவார்கள். இரண்டாவது முறை போர்த்துவதற்கு அவன் செத்திருக்க வேண்டும்.

முதலில் நூலைத் திருத்துவோம், பிறகு சொல்வோம் என்று தீர்மானித்தேன். இது ஒழுங்கு பற்றிய விசயம். வெள்ளைத் தாளைச் சிறு துண்டுகளாக வெட்டி, பசை பூசி, கிணற்றின்மேல் ஒட்டினேன். ஒரு பிரதிக்கு ஒன்றரை நிமிடம். நேராக ஒட்ட வேண்டுமே. மதியம் மனைவி பராசக்தி எட்டிப் பார்த்தாள்.

“என்னப்பா செய்யுறியள்?”

“அச்சுப் பிழை.”

“ரூபன்ரை போன் வேலை செய்யுதில்லை. அக்கா கனடாவிலையிருந்து மூண்டு தரம் எடுத்திட்டா.”

“பற்றரி இருக்காது. காலமை என்னோடை கதைச்சவன்.”

“என்ன சொன்னவன்?”

“கிணத்தைப் பற்றிச் சொன்னவன்” என்றேன். நான் பொய் சொல்கிற பழக்கம் உள்ளவன் அல்ல.

முந்நூறும் முடிய மாலை ஆறு மணி. அந்த நேரத்தில் நேவிக்கு எடுத்தால், காலை ஏழு பத்துக்கு வந்த செய்தியை இவ்வளவு நேரம் ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்விக்குப் போய்த் தலையைக் கொடுப்பது புத்தியல்ல. அரச சேவையில் அதைத்தான் முதலில் படித்தேன்.

வியாழன் பின்னேரம் இரண்டு மணிக்கு லெனாட்டின் மனைவி யசிந்தா ஓட்டோவில் வந்தாள். படலையடியில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், விறாந்தைக்கு வந்தாள். பராசக்தி தண்ணீர் கொடுத்தாள். அப்படி வருகிறவர்களுக்கென்று குளிர்சாதனப் பெட்டியின்மேல் கடதாசிக் கோப்பைகள் வைத்திருக்கிறோம். இப்போதைய காலத்தில் யாரும் அதைப் பிழையாக எடுப்பதில்லை. சுகாதாரம். யசிந்தா முழுவதையும் குடித்துவிட்டு இன்னும் ஒன்று கேட்டாள்.

“ஐயா, மத்தியானம் வாறதெண்டு சொன்னவர். இன்னும் காணேல்லை. ஆறு மணிக்குப் பூசை. புதுச்சேட்டும் அயன் பண்ணி வைச்சிட்டன்.”

“காத்துச் சரியில்லை, பிள்ளை. நெடுந்தீவிலை நிக்கினம். நாளைக்கு வருவினம். லெனாட் என்னோடை கதைச்சவன்.”

“கதைச்சவரோ? என்ன சொன்னவர் ஐயா?”

“ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாமாம்.”

அவள் என்னைப் பார்த்தாள். “அப்பிடிச் சொல்லமாட்டாரே ஐயா. அந்த மனுசன் எங்கையிருந்து போன் எடுத்தாலும் முதல்கேள்வி, நாய்க்குச் சோறு வைச்சனியோ எண்டுதான். என்னைப் பற்றி அதுக்குப் பிறகுதான்.”

“ஓம், ஓம். நாயைப் பற்றியும் கேட்டவன்” என்றேன்.

அவளுடைய முகம் அப்படியே மாறிவிட்டது. சிரித்தாள். “பாருங்கோவன், காலைக் கழுவ ஆளில்லை, நாயைக் கேக்குறார்” என்று பராசக்தியைப் பார்த்துச் சொன்னாள். பங்குத்தந்தையிடம் வேறு ஆளைப் போடச் சொல்கிறேன் என்று சொல்லி நன்றியும் சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது அவள் ஆறுதலாய்ப் போனாள் என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்துக்கு நான் ஒரு நாள் நிம்மதி கொடுத்திருக்கிறேன். வேறு யாரும் அதைக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விழா குறைவில்லாமல் நடந்தது. வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை. பயணிகள் ஏன் இல்லை என்று தலைவர் கேட்டார். தீவுகளின் அழகில் மயங்கித் தங்கிவிட்டார்கள் என்றேன். சபை கைதட்டியது. மதிப்பீட்டுரை செய்த கேதீஸ்வரி ரீச்சர், நூலாசிரியர் ஆதாரமில்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட எழுதவில்லை என்று சொன்னார். ஏற்புரையை நான் இருபது நிமிடம் செய்தேன். மேடையில் தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தார்கள். குடித்தேன்.

நன்றியுரை முடிந்து, றோல்ஸும் வடையும் கொடுத்து, பிரதம விருந்தினரைக் காருக்கு அனுப்பி வைத்த பிறகு, மண்டபத்தின் படியில் நின்று போன் எடுத்தேன். மாலை ஆறு ஐம்பது. எனது மருமகனும் ஒரு படகோட்டியும் திரும்பி வரவில்லை, தகவலும் இல்லை என்று சொன்னேன். இருட்டப் போகிறது, விடியத் தேடுகிறோம் என்றார்கள். நன்றி என்றேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஜெயரூபனைக் கண்டார்கள். சரிந்த படகின் நிழலுக்குள் கிடந்தான். வெள்ளி மதியத்துக்கு முன்னரே முடிந்திருக்கும் என்று சட்ட வைத்திய அதிகாரி சொன்னதாக நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். ஆகவே வெள்ளி மாலை நான் எடுத்த அழைப்புக்கும் அவனுடைய சாவுக்கும் தொடர்பில்லை. திட்டில் பதினொரு குழி கிண்டியிருந்ததாம். சிரட்டையாலும் கையாலும். நகங்கள் இல்லையாம். பக்கத்தில் நூலின் முன்பிரதி, நாற்பத்தோராம் பக்கம் திறந்தபடி. பதினொரு குழியும் நான் வட்டம் போட்ட இடத்தைச் சுற்றி, இருபது அடிக்குள். கடலில் ஒரு நாளும் வரைபடம் பார்க்காத ஒருவன், அவ்வளவு களைப்பிலும், என் வரைபடத்தை வைத்துக் கொண்டு சரியான இடத்துக்குப் போயிருக்கிறான். வரைபடத்தின் தெளிவுக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

லெனாட்டின் உடலை, உயிர்த்த ஞாயிறு கழிந்து முதல் தொழிலுக்குப் போனவர்கள் எடுத்தார்கள். வெறும் ஐந்து லீற்றர்ப் போத்தலை நெஞ்சில் கட்டிக்கொண்டு நீந்தியிருக்கிறான். எந்த நாள் வெளிக்கிட்டான் என்பது தெரியவில்லை. புதனும் வியாழனும் நேவியைப் பார்த்து இருந்திருப்பான். சொன்ன சொல் கேட்டிருக்கிறான். அதை நான் மதிக்கிறேன்.

உங்களுக்கு வேண்டிய வசனத்தை இப்போது தெளிவாக எழுதுகிறேன். புதன்கிழமை காலை ஏழு பத்துக்கு, இருவரும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதும், தண்ணீர் இல்லை என்பதும், மறுநாள் முதல் அந்தக் கடலுக்கு எவரும் வரமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நடந்து தப்பக்கூடியவனை நான் நடக்கவிடவில்லை. உதவி வருகிறது என்று சொன்னேன். ஐம்பத்தொன்பது மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் எவருக்கும் சொல்லவில்லை. இருவரையும் நான்தான் சாகவிட்டேன். இதில் கையொப்பம் இடுகிறேன்.

ஆனால் ஏன் செய்தேன் என்பதில் உங்களுக்குத் தெளிவு வேண்டும். புகழுக்காகச் செய்தான் என்று நீங்கள் எழுதக்கூடும். இல்லை. ஒரு நூலின் நம்பகத்தன்மையைக் காப்பாற்றினேன். முந்நூறு வீடுகளில் இன்று அந்த நூல் இருக்கிறது. அவற்றில் ஒன்றிலும் பிழையான கிணறு இல்லை. இனி அதை நம்பி ஒருவரும் சாக மாட்டார்கள்.

கிணற்றுக்கு எது ஆதாரம் என்று நீங்கள் கேட்கவில்லை. பதிவு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நாற்பத்தோராம் பக்கத்துப் படம் இரண்டு கிழமை வேலை. முடிகிற நேரத்தில் பேனையிலிருந்து ஒரு சொட்டு நீல மை கொக்குத்திட்டின் நடுவில் விழுந்தது. சுரண்டினால் தாள் கிழிந்துவிடும். சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் நன்னீர்க் கிணறு என்று எழுதினேன்.